ஒரு கட்டில்

"சாதாரண வார்டிலேயே இருக்கலாம்" என்று டாக்டர் சொன்னால் நாம் சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் சண்டைக்கல்லவா கிளம்புகிறோம்! தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் நம்மவர்களுக்கு அது ஒரு கர்ப்பக்கிருகம். உள்ளே இருந்தால்தான் உயிர் தங்கும் என்று நம்பிக்கை.

திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்குச் சென்ற வருஷம் மூளையின் மேலுறையில் கட்டி. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளியும் அறையில் சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு வார்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். சித்தி பதறிப் போனாள்.

"மண்டையைத் திறந்து மூடியிருக்கிறார்கள். பணம் போனால் போகிறது. நீ போய்ப் பேசு" என்றாள்.

போனேன். டாக்டர் பொறுமைசாலி. மண்டையோடு இறுக மூடிய பாத்திரம் மாதிரியாம். உள்ளே ரத்தம் கசிந்தாலும், மூளை வீங்கினாலும் விலகிக் கொடுக்க இடம் கிடையாது. முதல் சில மணி நேரத்தில்தான் பயம் அதிகம். அந்த நேரத்தில் எல்லோருக்குமே கடுமையான காவல் உண்டு. அதற்கப்புறமும் யாரைத் தீவிரப் பிரிவில் வைப்பது? வெகு நேரம் ஆபரேஷன் நீண்டவர், ரத்தம் நிறைய இழந்தவர், இருதயமோ நுரையீரலோ பலவீனமானவர், விழித்த பின்னும் தெளியாதவர். முக்கியமாக, மூளைத் தண்டை ஒட்டிக் கட்டி இருந்தவர். அவருக்கு மூச்சும் தடுமாறலாம், விழுங்குவதும் தடுமாறலாம்.

கண் திறப்பது, பேசுவது, அசைவது மூன்றுக்கும் மார்க்குப் போடும் முறை ஒன்றை 1974-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இருவர் வகுத்தார்களாம். முழு மார்க்கு 15. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வாங்காத முழு மார்க்கைச் சித்தப்பா அன்று வாங்கியிருந்தார். விழித்ததும் காப்பி கேட்டாராம்!

"காலியாக இருப்பது ஒரே கட்டில். இன்று ஒரு பையனுக்குச் சிறுமூளையில் ஆபரேஷன்" என்றார் டாக்டர்.

கட்டில் என்றைக்குமே குறைவுதான். 1923-ல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், மூளை ஆபரேஷன் ஆனவர்களுக்கென்று வால்ட்டர் டாண்டி தனியாக ஏற்படுத்தியதும் மூன்றே கட்டில்தான்.

பையனின் தாயார் வராந்தாவில் கூடையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சித்தி அவளைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "வார்டிலே மணிக்கொரு தரம் வந்து பார்ப்பார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லு" என்றாள்.

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அன்றிரவு முழுவதும் ஒரு நர்ஸ் மணி தவறாமல் வந்தாள். டார்ச்சு விளக்கால் கண்மணியைப் பார்த்தாள், பெயர் கேட்டாள், கையை இறுகப் பிடிக்கச் சொன்னாள். தூக்கம் கெட்ட சித்தப்பா முணுமுணுத்தார். அந்தப் பெண் வராத வார்டாக இருந்தால் டாக்டரின் கணக்கு அத்தனையும் பொய்த்துவிடும். அங்கே சித்தி முதலில் கேட்டதுதான் நியாயமாக இருந்திருக்கும்.

தொலைந்த பொருள் கிடைக்க எங்கள் பக்கத்தில் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வார்கள். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள்தான் அந்த அம்மன். சித்தி அன்று இரண்டு பேருக்காக வேண்டிக்கொண்டாள். நாலாம் நாள் பையன் வார்டுக்கு வந்து சேர்ந்தான். அவன் கட்டிலுக்கு அதற்குள் வேறொருவர் வந்தாகிவிட்டது.