விரலை அறியாத திரை

அந்தி சாயும் வேளையில் வீட்டிற்கு விளக்கு வைப்பது எங்கள் குடும்பத்தில் ஒரு கடமையாக இருந்தது. செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்தேன். மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியைச் சாம்பலிட்டுத் துடைத்து, திரியைத் தட்டி, ஏற்றி வைக்கும் பொறுப்பு என் அக்காளுடையது. அந்த வெளிச்சத்தில்தான் நான் அரிச்சுவடி படித்தேன். அரை நூற்றாண்டு கழிந்தபின், அதே அக்காள் என் வீட்டில் விளக்கேற்ற முடியாமல் இருளில் உட்கார்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஜார்ஜ்டவுனில் டத்தோ கெராமாட் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த பகுதிக்கு வெளியே உள்ள, போருக்கு முன் கட்டப்பட்ட வரிசை வீடு. செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. என் மகன் பொறியியல் படித்தவன். பாயான் லெப்பாசில் வேலை. சென்ற ஆண்டு அவனுக்கு ஓர் ஆசை பிறந்தது. முன்கூடத்துச் சுவரில் ஒரு தொடுதிரையைப் பதித்து, வீட்டு விளக்குகள், மின்விசிறிகள், வாயிற்கதவின் பூட்டு ஆகிய அனைத்தையும் ஓரிடத்திலிருந்தே இயக்க வேண்டும் என்றான். பிள்ளையின் ஆர்வத்திற்கு அணை போடும் தந்தையாக இருக்க நான் விரும்பவில்லை. "செய்" என்றேன்.

அவன் செய்த முறையைக் குறை கூற இயலாது. பழைய கைக்கணினி ஒன்றைச் சுவரில் பதித்துவிடலாம் என்றே முதலில் எண்ணினான். பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டான். கைக்கணினிக்குள் லித்தியம் மின்கலம் இருக்கிறது. காற்றோட்டமில்லாத சுவர்க் குழிக்குள் இரவும் பகலும் மின்னேற்றம் பெற்றுக்கொண்டே இருந்தால் அது சூடேறி, நாளடைவில் உப்பிவிடும். ஆகவே மின்கலமே இல்லாத திரையை வாங்கினான். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு. அந்தக் கம்பியைத் திரைக்குப் பின்னால் கொண்டு செல்லாமல், வலையமைப்புக் கம்பியின் வழியாகவே செய்தியையும் மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் முறையைக் கையாண்டான். 2003இல் தரப்படுத்தப்பட்ட அம்முறையில் ஏறத்தாழ 48 வோல்ட்டே செல்கிறது.

சுவரை வெட்டும்போதும் அவன் அவசரப்படவில்லை. கம்பிக்காகச் செங்குத்தாகக் காடி எடுத்தால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேலும், கிடையாக எடுத்தால் ஆறில் ஒரு பங்கிற்கு மேலும் ஆழம் போகலாகாது என்பது கட்டடக்காரர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, மீண்டும் காற்றில் விடும் இயல்புடையது. சிமெண்டால் அதை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். எனவே வெட்டிய இடத்தைச் சுண்ணாம்புக் கலவை கொண்டே பூசச் செய்தான். 230 வோல்ட்டு வேலையைத் தானே தொடாமல், தகுதிச் சான்று பெற்ற மின்தொழிலாளரிடம் ஒப்படைத்தான். பழைய வீடுகளின் சுவிட்சுப் பெட்டியில் பெரும்பாலும் நியூட்ரல் கம்பி இராது. புதிய கருவிகளுக்கு அது வேண்டும் என்பதால் அந்தக் கம்பியையும் இழுத்தார்கள்.

திரை ஒளிர்ந்தது. 'முன்கூடம்', 'நடை', 'அடுக்களை', 'அத்தை அறை' என்று நல்ல தமிழில் எழுதியிருந்தான். தமிழாசிரியன் நெஞ்சு குளிர வேறென்ன வேண்டும்? சுவர் அழகாக இருக்க வேண்டுமென்று கூடத்திலும் நடையிலும் இருந்த பழைய சுவிட்சுகளைக் கழற்றி, அவ்விடங்களை வெள்ளைத் தகடு கொண்டு மூடிவிட்டான். அப்போது அது எனக்கும் சரியாகவே பட்டது.

ஒரு திங்கள் கடந்தது. பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். நானும் என் மனைவியும் போயிருந்தோம். மகனுக்கு இரவு வேலை. ஒன்பது மணிக்குத் திரும்பினோம். வீடு முழுதும் இருண்டு கிடந்தது. தெருவிளக்கின் ஒளி விழும் சன்னலோரத்தில் அக்காள் உட்கார்ந்திருந்தார்.

"கரண்டு போயிடுச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. நான் தொட்டா அது கேக்க மாட்டேங்குது" என்றார்.

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முழங்காலில் சிராய்த்து இரத்தம் காய்ந்திருந்தது. இருட்டில் குளியலறைக்குப் போகையில் நடையிலிருந்த படியில் இடித்துக்கொண்டாராம். இன்று மட்டுமா இப்படி என்று துருவிக் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. திரை வைத்த நாளிலிருந்தே அவருடைய விரலுக்கு அது சரியாக இணங்கவில்லை. வீட்டில் யாராவது இருந்தமையால் குறை தெரியவில்லை.

"ஏன் அக்கா சொல்லல?"

"புள்ள ஆசப்பட்டு செஞ்சது, தம்பி. அதுல போயி குத்தம் சொல்லுவாங்களா?"

மறுநாள் காலையில் நானும் மகனும் அவரைத் திரையருகே அழைத்துச் சென்று சோதித்தோம். பத்து முறை தொட்டார். மூன்று முறையே விளக்கு எரிந்தது. நான் தொட்டபோது பத்து முறையும் எரிந்தது. மகன் விளக்கினான். இத்தகைய திரையின் கண்ணாடியின்கீழ், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் படலம் ஒன்று வலைபோல் பரவியிருக்கிறது. விரல் நெருங்கும்போது அவ்விடத்து மின்னேற்பில் ஏற்படும் சிறு மாறுதலைக் கண்டே கருவி 'தொடப்பட்டேன்' என்று அறிகிறது. இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரிலிருந்த ராடார் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் என்பார் 1965ஆம் ஆண்டிலேயே இவ்வகைத் தொடுதிரையைப் பற்றி எழுதியிருக்கிறார். விரல் ஈரப்பசையோடு இருந்தால் மாறுதல் தெளிவாகத் தெரியும். முதுமையில் தோல் உலர்ந்துவிட்டால் மாறுதல் மிகச் சிறிதாகிவிடும்; ஏதோ தற்செயலான சலனம் என்று கருவி அதைத் தள்ளிவிடும்.

அக்காள் தம் விரல் நுனிகளைப் பார்த்துச் சிரித்தார். "அன்னைக்கு ஆபீசுல கைரேகையும் விழல. இப்ப இதுவும். விரல் தேஞ்சு போச்சுப்பா" என்றார்.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. அது எந்த விரல் என்பது எனக்குத் தெரியும்.

பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் 1972இல் தோன்றியது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அதே ஆண்டில் பினாங்கில் அமைத்தது. முதலமைச்சராக இருந்த டாக்டர் லிம் சோங் இயூ தொழிற்சாலைகளை நாடி அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. சுங்கவரியற்ற துறைமுகம் என்னும் சிறப்பை இழந்து, வேலையின்றித் தவித்த தீவுக்கு அவை வாழ்வளித்தன. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போனார்கள். என் அக்காள் 1976இல் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18, எனக்கு 7. தந்தையார் மறைந்துவிட்டார். தாயார் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது 1985இல்தான். அதுவரை அக்காள் பட்டர்வொர்த்திலிருந்து பெரி ஏறித் தீவுக்கு வந்து, தொழிற்சாலைப் பேருந்தைப் பிடித்தார். உருப்பெருக்கியில் கண்ணைப் பதித்து, நகத்தளவுகூட இல்லாத சில்லின் முனைகளிலிருந்து, மயிரிழையினும் மெல்லிய பொன்கம்பியைச் சட்டத்தின் கால்களோடு இணைப்பது அவர் வேலை. கை நடுங்கினால் கம்பி அறுந்துவிடும். காலை, மாலை, இரவு என முறை மாறி மாறி எட்டு மணி நேரம். அந்தச் சம்பளத்தில் என் புத்தகம், சீருடை, பேருந்துக் கட்டணம் எல்லாம் நடந்தன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு நான் புறப்பட்டபோது, முதல் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் வாங்கித் தந்தவர் அவர். தமக்கென ஒரு வாழ்வை அமைத்துக்கொள்ளும் வயதை எனக்காகக் கடந்துவிட்டார் என்பதை நான் பிந்தித்தான் உணர்ந்தேன்.

அந்தச் சில்லுகளின் வழிவந்த ஒன்றுதான் இன்று என் சுவரிலிருக்கும் திரைக்குள்ளும் இருக்கிறது. அதற்கு அவருடைய விரலை அடையாளம் தெரியவில்லை. கருவியை நொந்து பயனில்லை. அதற்கு நன்றியும் தெரியாது, நன்றிகேடும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். செய்ந்நன்றியறிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆண்டுதோறும் அதை வகுப்பில் நடத்துகிறேன். ஆனால் நான் பெற்ற நன்மையின் உருவமாக என் வீட்டிலேயே வாழ்பவரிடம், "அக்கா, இது உங்களுக்கு வசதியாக இருக்கிறதா?" என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

இந்த எண்ணத்தோடு பள்ளிக்குச் சென்றபோது பழைய நினைவு ஒன்று எழுந்தது. பணியேற்ற தொடக்கக் காலத்தில் என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். எந்தக் கேள்வி கேட்டாலும் வாய் திறக்கமாட்டான். உடனே அடுத்தவனைச் சுட்டுவேன். 'பதிலளிப்பதில்லை' என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். ஒரு நாள் அவனிடம் கேள்வி கேட்ட அந்த நொடியில் சுண்ணக்கட்டி என் கையிலிருந்து விழுந்து மேசைக்கடியில் உருண்டது. குனிந்து தேடி எடுத்து நிமிர்ந்தேன். அதற்குள் அவன் எழுந்து நின்று சரியான விடையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றுவரை அவன் விடை சொல்லாதிருந்ததற்குக் காரணம் நான் காத்திராததுதான்.

பயிற்சிக் காலத்தில் இதை ஏட்டில் படித்திருந்தேன். மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி காத்திருந்தால் மாணவரின் விடைகள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் கண்டார். மூன்று நொடிதான்! படித்துத் தேர்வெழுதி மறந்த செய்தியை, உருண்டோடிய ஒரு சுண்ணக்கட்டி எனக்கு மீண்டும் கற்பித்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் சுவரிலிருக்கும் ஒரு திரை அதையே மூன்றாம் முறையாகக் கற்பிக்கிறது. மெல்லிய தொடுதலை 'தொடவே இல்லை' என்று தள்ளிவிடும் கருவியைப் போல்தான் நானும் அந்தச் சிறுவனிடம் நடந்துகொண்டேன்.

வீட்டில் மாற்றம் செய்தோம். என் மகன் வாதாடவில்லை. தலை குனிந்து கேட்டுக்கொண்டான். முதலில் திரையின் உணர்திறனைக் கூட்டிப் பார்த்தான். ஓரளவே பயன் தந்தது. பிறகு மின்தொழிலாளரை மீண்டும் அழைத்து, மூடிய தகடுகளை அகற்றி, அதே இடங்களில் சாதாரணச் சுவிட்சுகளைப் பொருத்தச் செய்தான். விளக்கை இயக்கும் சிறு கருவி சுவிட்சுக்குப் பின்னால் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சுவிட்சைத் தட்டினாலும் விளக்கு எரியும். திரையைத் தொட்டாலும் எரியும். வலையமைப்பு செயலற்றுப் போனாலும் சுவிட்சு தன் வேலையைச் செய்யும். முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம். கூடுதல் செலவும் பெரிதன்று. திட்டம் தீட்டும்போது நாங்கள் நினைத்துப் பார்த்தவை எங்கள் விரல்களை மட்டுமே.

"இனிமே எது செஞ்சாலும் அத்தைய முதல்ல தொடச் சொல்லிப் பாக்குறேன்ப்பா" என்றான் மகன். பொறியியற் கல்லூரி அவனுக்குத் தந்த பட்டத்தைவிட அந்தச் சொல் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆசிரியர்களாகவும் ஆசிரியர் ஆகப் போகிறவர்களாகவும் இதைப் படிப்போருக்கு ஒன்று சொல்வேன். புதிய கருவிகள் நம் வகுப்பறைக்குள் வந்துகொண்டே இருக்கும், வரட்டும். அவற்றை அஞ்சவும் வேண்டா, வழிபடவும் வேண்டா. ஒன்றைச் சுவரில் மாட்டுமுன், நம் வகுப்பில் மிகவும் மெல்லத் தொடும் பிள்ளை யார் என்று எண்ணிப் பார்த்து, அப்பிள்ளையின் கையை முதலில் அதில் வைத்துப் பாருங்கள். பழையதைக் கழற்றுமுன், அதைப் பற்றிக்கொண்டு நிற்பவர் எவரேனும் உண்டா என்று கேளுங்கள்.

பினாங்கில் பொழுது சாய ஏழு மணிக்கு மேலாகும். ஏழே கால் மணியளவில் அக்காள் எழுந்து, முகம் கழுவி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு, கூடத்துச் சுவிட்சைத் தட்டுகிறார். 'டக்' என்னும் அந்த ஓசை என் அறைவரை கேட்கிறது. பயிற்சி ஏடுகளைத் திருத்திக்கொண்டிருக்கும் நான் தலை நிமிர்ந்து, விளக்கு வைத்தாயிற்று என்று அறிந்துகொள்கிறேன்.