மனையும் முதலும்

"வீட்டைக் கட்டிப் பார்" என்றனர் முன்னோர். பெங்களூரில் இன்று எழுவனவற்றுள் பல, குடியிருக்கும் வீடுகள் அல்ல. வாடகை ஈட்டும் வளாகங்கள். ஒருவர் கட்ட, ஒருவர் கடன் தர, மற்றொருவர் வாடகைக்கு வர, முகமறியாப் பல்லாயிரவர் அவ்வாடகையில் பங்கு கொள்ளும் காலம் இது.

கட்டடத் தொழிலுக்கும் இந்நகர்த் தமிழர்க்கும் உள்ள உறவு பழையது. கப்பன் பூங்காவினருகே செந்நிறத்தில் நிமிர்ந்து நிற்கும் அட்டாரா கச்சேரியை 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தம் பெற்று எழுப்பியவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். ஈட்டிய பொருளால் 1873இல் பள்ளியும் கண்டார். அன்றைய ஒப்பந்தக்காரர்க்குக் கட்டி முடித்த அன்றே கணக்கு முடிந்தது. இன்றோ, கட்டி முடித்த அன்றுதான் கணக்குத் தொடங்குகிறது. குடிவந்த நிறுவனம் தரும் வாடகையை ஈடாகக் கொண்டு வங்கி கடன் தருகிறது. அக்கடன் அடுத்த கட்டடத்திற்கு முதலாகிறது.

இதன் வளர்ந்த வடிவமே ரீட் எனப்படும் முதலீட்டு அறக்கட்டளை. செபி 2014இல் இதற்கு விதி வகுத்தது. நாட்டின் முதல் ரீட்டான எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019இல் அலகு ஒன்று 300 ரூபாய் என விற்று, 4,750 கோடி ரூபாய் திரட்டியது. நாகவாரத்து மான்யதா வளாகம் அதன் சொத்துகளுள் ஒன்று. சொத்தில் 80 விழுக்காடேனும் கட்டி முடிந்து வாடகை தருவதாய் இருத்தல் வேண்டும். பகிரத்தக்க வருவாயில் 90 விழுக்காடேனும் முதலீட்டாளர்க்குப் பகிரப்படல் வேண்டும் என்பன விதிகள்.

இவற்றின் பொருளை எமக்கு உணர்த்தியது அல்சூரில் எந்தையார் விட்டுச் சென்ற சிறு மனை. உடன்பிறந்தார் மூவர்க்கும் அது பொது. அதில் இரண்டு கடைகள். சில ஆண்டுகளுக்கு முன் கட்டுநர் ஒருவர் வந்து, "நிலம் உங்களுடையது, செலவு எங்களுடையது. எழும் அலுவலகக் கட்டடத்தில் பாதி உங்களுக்கு" என்றார். தம்பிக்கு மகளின் மேற்படிப்புக்குப் பணம் தேவை. கணவரை இழந்த தமக்கையார்க்கோ கடை வாடகையே உலைக்கு அரிசி. ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பு எம்மிடம் வந்தது.

யாம் இரண்டு கேட்டோம். கட்டி முடியும்வரை தமக்கையார்க்கு மாதந்தோறும் வாடகைக்கு ஈடான தொகை. மனையை எவரிடமும் அடகு வைக்கலாகாது. முதலாவதற்கு இசைந்தார். இரண்டாவதற்கு, "ஈடு இல்லாமல் எந்த வங்கி கடன் தரும், ஐயா?" என்றார். அவர் கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஆயினும், பணி பாதியில் நின்றால் கடையும் போய், மனையும் கடனில் சிக்கும். யாம் கையெழுத்திடவில்லை. தம்பி கல்விக் கடன் பெற்றார். அன்று அவர் முகத்தில் படிந்த வாட்டம் முற்றும் நீங்கியது என்று சொல்லமாட்டோம்.

முடிந்த கட்டடத்தில் பங்கு வாங்குவோர்க்கும் இடர் உண்டு. 2020இல் பெருந்தொற்றின்போது அலுவலகங்கள் ஆளின்றிக் கிடந்தன. அலகின் விலையும் ஏறி இறங்குவதே. ஆனால் கட்டி முடியாத கட்டடத்தின் இடர் வேறு. அதில் பெரும்பகுதியைச் சுமப்பவர் நிலம் தந்தவர். பழைய தண்டுப் பகுதியில் மனை வைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் பங்கு எத்தனை விழுக்காடு என்று கேட்குமுன், மனை எவருடைய கடனுக்கு ஈடாகிறது என்று கேளுங்கள்.