எங்கள் வீட்டு விமானம்

மேனிலை முதலாண்டு மாணவி

“விடுமுறையில் எங்கே போய் வந்தாய்?” என்று தோழியர் கேட்டால், “விமானத்தில் போடி மலை வரை போய் வந்தேன்” என்று நான் சொல்வதுண்டு. அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் நான் சொல்வது முழுப் பொய்யும் அன்று. பழனிசெட்டிபட்டியில், எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு பழைய மர மேசைமேல் அந்த விமானம் இருக்கிறது. அதற்கு இரண்டு விமானிகள். ஒருவர் என் அப்பா, மற்றவள் நான்.

அப்பா 22 ஆண்டுகள் ஜீப் ஓட்டியவர். விடியுமுன் எழுந்து போடிக்குப் போவார். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுவார். மாலையில் அவர்களைப் பத்திரமாக ஊர் சேர்த்துவிட்டு வீடு திரும்புவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் வலக்கை திடீரென்று தொங்கிவிட்டது. பக்கவாதம் என்றார்கள். நாளடைவில் பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. வலக்கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. ஜீப்பை விற்றோம். அம்மா தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். அப்பாவோ திண்ணையில் அமர்ந்து, கம்பம் சாலையில் போகும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். எந்த வண்டிக்குக் கியர் சரியில்லை என்பதை ஓசையை வைத்தே சொல்வார். சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவார். அந்த மௌனம்தான் எங்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கோவையில் பொறியியல் படித்த என் சித்தப்பா மகன், வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும்போது தம்முடைய கணினியை எனக்குக் கொடுத்தார். அத்துடன் ஒரு பெட்டியையும் கொடுத்தார். அதனுள் இருந்தவை இரண்டு. ஒன்று ‘யோக்’ என்னும் கைப்பிடி. காரின் ஸ்டியரிங்கைப் பாதியாக வெட்டியது போல் இருக்கும். அதை இடமும் வலமும் திருப்பினால் விமானம் அந்தப் பக்கம் சாயும். நம்மை நோக்கி இழுத்தால் மூக்கு மேலெழும். தள்ளினால் மூக்கு தாழும். மற்றொன்று ‘த்ராட்டில்’ எனப்படும் நெம்புகோல் பெட்டி. அதில் மூன்று பிடிகள். கறுப்பு, இஞ்சினின் வேகத்திற்கு. நீலம், காற்றாடியின் கோணத்திற்கு. சிவப்பு, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவிற்கு. நாங்கள் ஓட்டும் செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தின் காற்றாடி கோணம் மாறாதது. ஆகவே எங்கள் வீட்டில் நீலப்பிடிக்கு ஓய்வு!

பெட்டியைப் பிரித்த அன்றே பறந்துவிடவில்லை. யோக்கை மேசையில் இறுக்கும் கிளாம்பு எங்கள் மேசைப் பலகையின் கனத்திற்குப் போதவில்லை. தெருக்கோடித் தச்சர் மாமா ஓரத்தை இழைத்துக் கொடுத்தார். பிறகு விமானம் தானாகவே இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. பழைய யோக்கானதால், கையை எடுத்தாலும் அது சரியான நடுப்புள்ளிக்குத் திரும்பவில்லை. நடுவில் சிறிதளவு அசைவைக் கணினி பொருட்படுத்தாதபடி அமைத்த பின்புதான் அது நேராகப் பறந்தது. “சைக்கிளுக்கு ஹேண்டில்பார் பெண்டு எடுக்கிற மாதிரிதான்” என்றார் அப்பா. நீண்ட நாட்களுக்குப் பிறகு அவர் தாமாகப் பேசிய பேச்சு அது.

இது குழந்தை விளையாட்டு என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை, ஆர்கன் முதலிய இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி சாயவும் திரும்பவும் கூடிய ஒரு பயிற்சி விமானத்தை மகன் 1929-இல் செய்து முடித்தார். தொடக்கத்தில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் பொருட்காட்சி நடத்துபவர்களே. 1934-இல் அந்நாட்டு இராணுவம் விமானத் தபால் வேலையை ஏற்றபோது, மோசமான வானிலையில் சில வாரங்களுக்குள் பல இளம் விமானிகள் உயிரிழந்தனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கிடம் ஆறு கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது 5,00,000 பேருக்கு மேல் அக்கருவிகளில் பயிற்சி பெற்றனர். இன்றும் பெரிய விமான நிறுவனங்களின் விமானிகள் தரையிலுள்ள பாவனை விமானத்தில் குறித்த காலத்திற்கு ஒரு முறை பயிற்சி பெற்றே ஆகவேண்டும். தரையில் செய்யும் தவறு ஆளைக் கொல்வதில்லை என்பதே அதன் பயன்.

நானும் நிறையத் தவறுகள் செய்தேன். மதுரை விமான நிலையத்தில் மேற்கு நோக்கிய ஓடுபாதையில் நிறுத்தி, கறுப்புப் பிடியை முழுவதும் தள்ளுவேன். வேகம் 55 நாட்டைத் தொட்டதும் யோக்கை இழுப்பேன். பயத்தில் அதிகமாக இழுத்துவிடுவேன். விமானம் ஆட்டுக்குட்டி போல் துள்ளி எழுந்து, அப்படியே கவிழும். பின்னால் நாற்காலியில் இருந்த அப்பா ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: “தாயி, அதைப் பிடுங்காதே. வண்டி தானா கிளம்பும். நீ வழிவிட்டாப் போதும்.” அவர் சொன்னபடி மெல்ல இழுத்தேன். விமானம் பூப்போல எழுந்தது.

அன்றுமுதல் அப்பாவை இடப்பக்க இருக்கையில் அமர்த்தினேன். விமானத்தில் இடப்பக்கம் அமரும் தலைமை விமானி, யோக்கை இடக்கையாலும் த்ராட்டிலை வலக்கையாலும் பிடிப்பது வழக்கம். வாழ்நாளெல்லாம் வலக்கையால் ஸ்டியரிங்கையும் இடக்கையால் கியரையும் பிடித்தவர், இப்போது இடக்கையால் யோக்கைப் பிடித்தார். த்ராட்டில் என் பொறுப்பு. மேல்காற்றை எதிர்த்து எழும்பி, உசிலம்பட்டியை வலப்புறம் விட்டு, ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டினால், வலக்கைப் பக்கம் வைகை அணை நீர் மின்னும். நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 20 நிமிடத்துக்குச் சற்று அதிகம். கணினி காட்டும் பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவும் இல்லை, முல்லையாற்றுத் தடுப்பணையும் இல்லை; ஏதோ ஓர் ஊரின் வீடுகளை அடுக்கி வைத்திருக்கிறது. ஆனால் மலைகள் மட்டும் உள்ளபடியே நிற்கின்றன. அவற்றை அப்பா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்தார்.

இனி நான் வெட்கத்துடன் எழுதவேண்டிய பகுதி. ஒரு சனிக்கிழமை என் தோழியர் இருவர் வந்திருந்தனர். அவர்கள் முன் விமானத்தை இறக்கிக் காட்ட ஆசைப்பட்டேன். ஓடுபாதை நெருங்கும்போது அப்பாவின் கை சற்று நடுங்கி, விமானம் விலகியது. “விடுங்கப்பா, உங்களால முடியாது!” என்று சொல்லி யோக்கைப் பறித்துக்கொண்டேன். விமானம் நன்றாகவே இறங்கியது, தோழியர் கைதட்டினர். திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் அவர் அந்த மேசைப் பக்கம் வரவே இல்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. “அந்தக் கை 22 வருஷம் எத்தனை பேரை மலையிலேருந்து இறக்கிக் கொண்டாந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தனியாகப் பறந்து பார்த்தேன். போடியைத் தாண்டி மலை இடுக்கிற்குள் நுழைந்தேன். எதிரே மலை எழுந்தது. அதற்கப்பால் மீசைப்புலிமலை 2,640 மீட்டர் உயரம். கறுப்புப் பிடியை முழுவதும் தள்ளி, யோக்கை இழுத்தேன். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் இஞ்சினின் வலு குறைகிறது. வேகம் 90, 70, 55 என்று இறங்கிற்று. எச்சரிக்கைக் குழல் ஊதிற்று. விமானம் கவிழ்ந்தது. ஐந்து முறை முயன்றேன். ஐந்து முறையும் மோதினேன்.

திண்ணைக்குப் போய் அப்பாவின் அருகில் அமர்ந்தேன். “அப்பா, நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க. மலைக்குள்ள எனக்கு வழி தெரியலை” என்றேன். அவர் சிறிது நேரம் சாலையையே பார்த்திருந்தார். பிறகு எழுந்து வந்து இடப்பக்கம் அமர்ந்தார்.

“மலை ஏறுறதுக்கு ஸ்டியரிங் உதவாது தாயி. இஞ்சின்தான் ஏத்தணும். அதுக்கும் தெம்பில்லேன்னா, இடம் இருக்கும்போதே திருப்பிடணும். நடுவுல போகாதே, ஒரு பக்கமா ஒதுங்கிப் போ. அப்பத்தான் திரும்ப மறுபக்கம் இடம் இருக்கும்” என்றார். மலைப் பகுதியில் பறப்போருக்கு ஆசிரியர்கள் கற்பிப்பதும் இதுவே என்று பின்னர் படித்தறிந்தேன். போடிமெட்டு வளைவுகள் அப்பாவுக்கு அதை முன்பே கற்பித்திருந்தன.

அன்று நாங்கள் மலைச்சரிவின் ஓரமாகப் போய், இடம் இருக்கும்போதே திரும்பி, மதுரையில் வந்திறங்கினோம். இறங்கும்போது யோக் வேகத்தைக் காக்கவேண்டும், த்ராட்டில் உயரத்தைக் காக்கவேண்டும். விமானம் தாழ்ந்துபோனால் மூக்கைத் தூக்கத் தோன்றும், அது ஆபத்து. வலுவைக் கூட்டவேண்டும். ஆகவே அப்பாவின் கை 65 நாட் வேகத்தைக் காத்தது. என் கை உயரத்தைக் காத்தது. ஒரு கையால் மற்றொன்றின் வேலையைச் செய்ய முடியாது என்பதை அன்று உணர்ந்தேன்.

எனக்கு விமானியாகவேண்டும் என்ற ஆசை உண்டு. “விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்” என்று உறவினர் சிலர் சொல்கின்றனர். வணிக விமானி உரிமத்திற்கு 200 மணி நேரம் மெய்யாகவே பறந்திருக்கவேண்டும். எங்கள் மேசை விமானத்தின் மணிகள் அதில் ஒன்றுகூடச் சேராது. செலவும் மிகப் பெரிது. இவை எனக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் 1936-இலேயே சரளா துக்ரால் என்னும் பெண்மணி, சேலை உடுத்திப் பறந்து உரிமம் பெற்றிருக்கிறார். உலகில் விமானிகளில் பெண்கள் நூற்றுக்கு ஐவர் அளவே. நம் நாட்டில் அதைப் போல் இரு மடங்குக்கு மேல். ஆசைப்படுவதில் தவறில்லை, அதற்காக உழைக்காதிருப்பதே தவறு.

அப்பாவின் வலக்கை இன்னும் முழுதாகத் தேறவில்லை. ஆனால் சென்ற மாதம் ஒரு நாள் மாலை, நான் த்ராட்டிலைத் தள்ளப் போகும்போது, “இரு” என்றார். வலது உள்ளங்கையைக் கறுப்புப் பிடிமேல் வைத்து, மெதுவாக, மிக மெதுவாக முன்னே தள்ளினார். ஓடுபாதையில் பாதி கடந்துவிட்டது. எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனாலும் நான் தொடவில்லை. விமானம் சற்றுத் தாமதமாக, ஆனால் நேராக எழுந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தோழியரே! உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒருவர் மௌனமாக அமர்ந்திருக்கக்கூடும். அவரிடம் சென்று, “எனக்கு வழி தெரியவில்லை, சொல்லித் தாருங்கள்” என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.