பத்து நிமிடத் தாமதம்

ஒளி விநாடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. உயர்நிலைப்பள்ளியின் வாயிலை மிதித்த எவரும் இதனைத் தடையின்றிக் கூறுவர். ஆனால் அதனை அளந்தவர் யார், எந்தக் கோலை வைத்து அளந்தார் என்று நம் பிள்ளைகள் கேட்பதில்லை. கேட்டாலும் நாம் பேச்சை மாற்றிவிடுகிறோம். விடை மட்டும் கைமாறுகிறது. அவ்விடையைத் தேடினோர் சென்ற வழி கைமாறுவதில்லை. பாடநூல்களின் குறைகளுள் இதனையே பெருங்குறையாக நாம் கருதுகிறோம். எண் மறந்துபோகும். வழி ஒருமுறை விளங்கிவிட்டால் அதனை மறப்பது அரிது.

ஒளிக்கு வேகம் என்று ஒன்றில்லை, தோன்றிய கணமே அது எங்கும் சென்று சேர்ந்துவிடுகிறது என்று முற்காலத்து அறிஞர் பலர் எண்ணினர். கலிலேயோ ஐயுற்றார். 1638-இல் வெளியான தம் நூலில் அவர் ஒரு சோதனையை விவரிக்கிறார். இரவில் இருவர் ஆளுக்கொரு விளக்கை மூடிப் பிடித்துக்கொண்டு எட்ட நிற்க வேண்டும். ஒருவர் தம் விளக்கைத் திறந்ததும், அதனைக் கண்ட மற்றவர் உடனே தம் விளக்கைத் திறக்க வேண்டும். ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவில் இதனைச் செய்து பார்த்தும் முடிவு எட்டவில்லை. ஒளி கணத்திற் செல்வதில்லை எனினும் மிக மிக விரைவாகச் செல்கிறது என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அதில் வியப்பில்லை. ஒரு மைல் போய்த் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம் விநாடியில் இலட்சத்தில் ஒரு பங்கே. கை அசைந்து மூடியைத் திறப்பதற்கு அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு நேரம் ஆகுமன்றோ!

மண்ணில் கிடைக்காத தொலைவை விண் அளித்தது. வியாழன் கோளைச் சுற்றும் நான்கு பெரிய துணைக்கோள்களை 1610-இல் கண்டவரும் கலிலேயோவே. நல்ல பைனாகுலர் ஒன்றைச் சுவரில் ஊன்றிப் பிடித்தால், நம் வீட்டு மாடியிலிருந்தே அவற்றைச் சிறு புள்ளிகளாகக் காணலாம், நாம் கண்டிருக்கிறோம். அவற்றுள் உள்ளே இருப்பது அயோ. அது 42½ மணிக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் நிழலுக்குள் மறைந்து வெளிப்படுகிறது. அது வானில் தொங்கும் கடிகாரம் எனலாம். ஊர்களின் தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் என்பதால், பாரீஸ் வானாய்வுக்கூடத்தில் காசினி என்னும் பேரறிஞர் அம்மறைவுகளைக் கணித்து அட்டவணைப்படுத்தி வந்தார். குருவானவரும் வானியலாருமான பிக்கார் என்பவரோடு டென்மார்க்கிலிருந்து 1672-இல் அங்கு வந்து சேர்ந்தார் ஓலே ரோமர் என்னும் இளைஞர்.

அக்கடிகாரம் சரியாக ஓடவில்லை. பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் அயோ பிந்தியது. நெருங்கும் மாதங்களில் முந்தியது.

திங்கள்தோறும் மகனுக்குக் கடிதம் அனுப்பும் தாயை எண்ணிக்கொள்வோம். மகனோ பணியின் பொருட்டு வாரத்துக்கு வாரம் மேலும் தொலைவான ஊருக்குச் செல்கிறான். கடிதங்கள் ஏழு நாளுக்கு ஒன்றாக வாராமல் எட்டு நாளுக்கு ஒன்றாக வருகின்றன. தாய் சோம்பிவிட்டாள் என்று அவன் எண்ணினால் அது அநியாயம். அவள் திங்கட்கிழமையைத் தவறவிடவில்லை, வழிதான் நீண்டது. அவன் வீடு நோக்கித் திரும்புகையில் அவை ஆறு நாளுக்கு ஒன்றாகவே வந்து சேரும். ரோமர் கண்டது இதுவே. அயோ பிந்தவில்லை, அதன் ஒளி கடக்க வேண்டிய வழி நீண்டிருந்தது. ஒரு சுற்றில் இவ்வேறுபாடு மிகுதியாகப் போனாலும் கால் நிமிடமே, கண்ணுக்குப் புலப்படாது. நாற்பது சுற்றுகள் சேர்ந்தாலோ மறைக்க முடியாத அளவாகிவிடும்.

1676 செப்டம்பரில் அவர் பாரீஸ் அறிவியற் கழகத்தில் துணிந்து ஒன்று கூறினார். வரும் நவம்பர் 9-ஆம் நாள் அயோ நிழலினின்று வெளிப்படுவது, ஆகஸ்டு மாதக் குறிப்புகளைக் கொண்டு கணித்த நேரத்தினும் பத்து நிமிடம் பிந்தும் என்றார். அவ்வாறே பிந்தியது.

எனினும் காசினி ஒப்பவில்லை. இதற்காக அவரைப் பிடிவாதக்காரர் என எளிதில் எழுதிவிடுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒளியே காரணமாயின், ஏனைய மூன்று துணைக்கோள்களிலும் அதே தாமதம் தெரிய வேண்டுமே என்று அவர் கேட்டார். அவற்றின் இயக்கம் அந்நாளில் சரிவர விளங்கவில்லை, கேள்வியோ நேர்மையானது. பொலோஞா நகரின் புனித பெட்ரோனியு பேராலயத் தளத்தில் நீண்ட கோடு ஒன்று பதித்து, கூரைத் துளை வழியே விழும் கதிரொளியைக் கொண்டு ஞாயிற்றின் போக்கை ஆண்டு முழுவதும் அளந்தவர் அவர். அக்கோட்டை இன்றும் காணலாம். கணக்கில் அவர் விளையாடுபவரல்லர்.

பூமி ஞாயிற்றைச் சுற்றும் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகுமென்று ரோமர் மதிப்பிட்டார்; உண்மையில் 16½ நிமிடத்திற்குச் சற்று மிகுதி. இங்கிலாந்தில் பிராட்லி 1728-இல் விண்மீன்களின் சிறு இடப்பெயர்ச்சியைக் கொண்டு வேறு வழியில் ஒளியின் வேகத்தை மெய்ப்பித்த பின்னரே எதிர்ப்பு ஓய்ந்தது. ரோமர் அதற்குப் பதினெட்டு ஆண்டுகட்கு முன்பே மறைந்துவிட்டார்.

கலிலேயோவின் இரு விளக்குச் சோதனையை மண்ணிலேயே வெற்றியாக்கியவர் ஃபிசோ என்னும் பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1849. இரண்டாம் மனிதருக்குப் பதில் கண்ணாடியையும், மூடி திறக்கும் கைக்குப் பதில் மிதிவண்டியில் உள்ளது போன்ற ஒரு பற்சக்கரத்தையும் அவர் வைத்தார். சக்கரத்திற்கு 720 பற்கள். பாரீசை அடுத்த சுரேனிலிருந்து, பற்களின் இடைவெளி வழியே புறப்பட்ட ஒளி, 8,633 மீட்டர் அப்பால் மோன்மார்த்ரு குன்றிலிருந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. சக்கரம் மெல்லச் சுழன்றால், ஒளி சென்ற இடைவெளி வழியே மீளும். விநாடிக்கு 12.6 சுற்று என்ற வேகத்தை எட்டியதும் கண்முன் இருள் கவிந்தது: ஒளி மீள்வதற்குள் அடுத்த பல் வழியை அடைத்துவிட்டது! ஓர் இடைவெளியின் இடத்திற்குப் பல் வந்து சேரும் நேரம் விநாடியில் 18,144-இல் ஒரு பங்கு. அந்நேரத்தில் ஒளி சென்ற வழி 17,266 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 3,13,000 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக வரும். இன்றைய அளவைவிட ஏறத்தாழ ஐந்து விழுக்காடே கூடுதல். பெருக்கல் அறிந்த எந்தச் சிறுவனும் தானே போட்டுப் பார்க்கத்தக்க இக்கணக்கு நம் வகுப்பறைகளில் ஏன் இடம்பெறலாகாது?

அதன்பின் வந்தோர் எண்ணைக் கூராக்கினர். ஃபூக்கோ சுழலும் கண்ணாடியைக் கொண்டு 1862-இல் 2,98,000 என்றார். அமெரிக்கரான மைக்கல்சன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டார். 1926-இல் அவர் கலிபோர்னியாவின் இரு மலைகளுக்கிடையே 35 கிலோமீட்டர் தொலைவில் ஒளியை ஓடவிட்டுக் கண்ட விடை 2,99,796. இன்றைய அளவினின்று நான்கு கிலோமீட்டர்கூட வேறுபடவில்லை. காற்றை அகற்றிய ஒரு மைல் நீளக் குழாயில் மீண்டும் அளக்கத் தொடங்கி, அது முடியுமுன்னே 1931-இல் அவர் காலமானார்.

1972-இல் லேசர் கதிரைக் கொண்டு அளந்தபோது, ஐயம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. அப்போது வேறொரு சிக்கல் எழுந்தது: ஒளியின் வேகம் தெளிவாக இருக்க, மீட்டர் என்பதன் வரையறையே அத்துணைத் தெளிவாக இல்லை. 1983-இல் உலக நாடுகளின் அளவை மாநாடு முறையைத் திருப்பிப் போட்டது. ஒளி விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் செல்லும் என எண்ணை நிலைநிறுத்தி, ஒரு விநாடியில் அத்தனையில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி வெற்றிடத்தில் கடக்கும் தொலைவே மீட்டர் என வகுத்தனர். இன்று துணிக்கடையில் நமக்கு அளந்து கிழித்துத் தரும் கோலின் நீளத்திற்கும் அதுவே ஆதாரம்.