ஏழு சென்டிமீட்டர் ரோபோ

இது ஒரு பொம்மை ரிவ்யூ. ஃபைனல் இயர் மெக்கானிக்கல் படிக்கிறவன் பிளேஸ்மென்ட் பத்தி எழுதாம பொம்மையைப் பத்தி எழுதுறானேனு சிரிக்காதீங்க. முழுசா படிச்சிட்டுச் சிரிங்க.

என் ஹாஸ்டல் மேசையில் ஒரு மஞ்சள் கார் இருக்கு. ஏழு சென்டிமீட்டர் நீளம். ரூமுக்கு வர்ற எல்லாரும் முதல்ல அதை எடுத்து உருட்டுவாங்க. அப்புறம், "டேய், இது ரோபோ ஆகுமா?"னு கேப்பாங்க. ஆகும். பின்பக்கத்தை இழுத்தா ரெண்டு கால் நீளும். கதவு ரெண்டையும் வெளிய திருப்பினா கை. கூரையைப் பின்னால மடக்கினா உள்ளே இருந்து தலை எழும்பும். அவ்வளவுதான்.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது, மதுரை தமுக்கம் மைதானத்துல சித்திரைப் பொருட்காட்சியில அப்பா வாங்கிக் கொடுத்தது. கடைக்காரர் 150 சொன்னார், அப்பா 120க்கு முடிச்சார். எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒண்ணுதான். அட்டையில கம்பெனி பேரே கிடையாது. ஆனா அது யாரைப் பார்த்து செஞ்சதுனு டிவில டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படம் பார்த்த எந்தப் பையனுக்கும் தெரியும்: பம்பிள்பீ.

அந்த பம்பிள்பீக்கும் ஒரு கதை இருக்கு. முதல்ல அது ஜப்பான்ல டகாரா கம்பெனியோட மைக்ரோ சேஞ்ச் வரிசையில வந்த குட்டிக் கார் பொம்மை. டகாராவோட பொம்மைகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், ஹாஸ்ப்ரோ 1984ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ்னு பேர் வச்சு வித்துச்சு. அப்போ பம்பிள்பீ ஒரு வோக்ஸ்வேகன் பீட்டில். 2007 படத்துலதான் கமாரோ ஆச்சு. 2018ல வந்த பம்பிள்பீ படத்துல திரும்பவும் பீட்டில். அதாவது கதை எழுதி அதுக்குப் பொம்மை செய்யல. பொம்மை முதல்ல வந்துச்சு, கதை அப்புறம்.

சரி, ரிவ்யூவுக்கு வருவோம்.

முதல்ல பிளஸ். இதுல தனியா கழட்டி மாட்டுற பார்ட் ஒண்ணுகூட கிடையாது. அதனால தொலையவும் எதுவும் இல்ல. ஒவ்வொரு பார்ட்டுக்கும் ரெண்டு வேலை. கதவுதான் கை, காரோட பின்பக்கம்தான் கால். கால் முழுசா நீண்டதும் "டக்"னு ஒரு சத்தம் வரும். உள்ளே ஒரு சின்னப் புடைப்பு பள்ளத்துல போய் உட்கார்ற சத்தம். ஸ்பிரிங் கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, பிளாஸ்டிக்கோட வளையுற தன்மை மட்டும்தான் வேலை செய்யுது. டிசைன் கிளாஸ்ல நாங்க பத்து பார்ட் போட்டு செய்யுறதை இது ஒரே பார்ட்ல முடிச்சிருது.

மைனஸும் நிறைய இருக்கு. முழங்கை மடங்காது. ரோபோவா நிக்கும்போது கூரை முதுகுல ஸ்கூல் பேக் மாதிரி தொங்கும், கொஞ்சம் தள்ளினாலும் பின்னால விழுந்துடும். பெயின்ட் ஒரே மாசத்துல போச்சு. காரா இருக்கும்போது கதவோரத்துல இடைவெளி தெரியும். ரெண்டு உருவத்துக்காகவும் செஞ்சதால ரெண்டுலயும் கொஞ்சம் குறை. அதை நான் தப்புனு சொல்ல மாட்டேன். ஏழு சென்டிமீட்டருக்குள்ள அதுக்கு மேல என்ன செய்ய முடியும்?

பெரிய மைனஸ் ஒண்ணு இருக்கு. வலது தோள்.

வாங்கி ரெண்டு மாசத்துல வலது கை உடைஞ்சது. அன்னைக்கு நான் டியூஷன் முடிஞ்சு வந்தப்போ தம்பி ஒரு கையில ரோபோவையும் இன்னொரு கையில அதோட கையையும் வச்சிக்கிட்டு நின்னான். அவனுக்கு ஆறு வயசு. "நான் உடைக்கலண்ணே, திருப்பினேன், அதுவா வந்துருச்சு"ன்னான். நான் நம்பல. அடிச்சேன். முதுகுல, நல்லா. அதுக்கப்புறம் அந்த ரோபோவைத் தொடவே விடல. வீட்டுல எது உடைஞ்சாலும், "அவன்தான் உடைச்சிருப்பான்"னு சொல்றது எனக்குப் பழக்கமாச்சு. கொஞ்ச நாள்ல அம்மா அப்பாவும் அதையே சொல்ல ஆரம்பிச்சாங்க. "அவன் கையில கொடுக்காதே" என்பது எங்க வீட்டுல ஒரு சட்டம் மாதிரி ஆயிடுச்சு.

போன தீபாவளி லீவுல பரண்ல இருந்த பெட்டியில அந்த ரோபோ கிடைச்சது. உடைஞ்ச கையும் கூடவே இருந்தது. 3டி பிரிண்டர்ல புதுக் கை போடலாம்னு காலேஜுக்கு எடுத்துட்டு வந்தேன். அளவு எடுக்கிறதுக்கு முன்னாடி, சும்மா மெட்டலர்ஜி லேப் மைக்ரோஸ்கோப்ல உடைஞ்ச இடத்தை வச்சுப் பார்த்தேன்.

தோள்ல ஒரு ஓட்டை, அதுல ஒரு இரும்பு பின். உடைஞ்சது அந்த ஓட்டையோட ஓரத்துல. இன்ஜெக்ஷன் மோல்டிங் படிச்சவங்களுக்குப் புரியும்: உருகின பிளாஸ்டிக் ஓட்டைக்கான கம்பியை ரெண்டு பக்கமும் சுத்திப் போய், மறுபக்கம் சேரும். சேர்ற அந்தக் கோடுதான் வெல்ட் லைன். மத்த இடத்தை விட அது வீக். ஓட்டை ஓரத்துல ஸ்ட்ரெஸ் மூணு மடங்கு வரைக்கும் போகும்னு வேற படிச்சிருக்கோம். போதாததுக்கு பின்னை இறுக்கமா அடிச்சு ஏத்தியிருந்தாங்க. அதனால யாரும் தொடலைன்னாலும் அந்த ஓட்டை ராத்திரி பகலா இழுபட்டுக்கிட்டே இருக்கும். விரிசல் சரியா அந்தக் கோட்டுலதான் போயிருந்தது.

அப்புறம் உடையாத இடது கையை வச்சுப் பார்த்தேன். அதே இடத்துல, அதே பக்கம், முடி மாதிரி ஒரு வெள்ளைக் கீறல். தம்பி தொடாத, பன்னிரண்டு வருஷமா பெட்டியில கிடந்த ரோபோவோட கை.

அன்னைக்கு திருப்பினது அவன்தான். ஆனா அடுத்து யார் திருப்பியிருந்தாலும், நானே திருப்பியிருந்தாலும், அது வந்திருக்கும். அவன் சொன்னது ஒரு வார்த்தைகூட பொய் இல்ல.

புதுக் கை ரெண்டாவது தடவையிலதான் சரியா வந்துச்சு. முதல் தடவை கையை நிக்க வச்சு பிரிண்ட் பண்ணேன், லேயர் லேயரா பிரிஞ்சு மறுநாளே உடைஞ்சுது. ரெண்டாவது தடவை படுக்க வச்சேன், ஓட்டையைச் சுத்தி கனம் கூட்டினேன், பின் லூசா சுத்துற மாதிரி டிரில் போட்டேன். லேப்ல மஞ்சள் ஃபிலமென்ட் இல்லாததால வலது கை மட்டும் சாம்பல் நிறம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ தம்பிகிட்ட போன்ல எடுத்து வச்சிருந்த மைக்ரோஸ்கோப் போட்டோவைக் காட்டி விளக்கினேன். பதினெட்டு வயசு, என்னை விட உயரம் இப்போ. வெல்ட் லைன், ஸ்ட்ரெஸ் எல்லாம் சொல்லி முடிச்சு, "நீ உடைக்கலடா. நான்தான் தெரியாம அடிச்சிட்டேன். ஸாரி"ன்னேன்.

அவன் போட்டோவை ரொம்ப நேரம் பெருசாக்கிப் பார்த்தான். "அன்னைக்கே சொன்னேன்லண்ணே"ன்னான். அவ்வளவுதான். கோபமா சொன்னானா, சாதாரணமா சொன்னானானு எனக்குத் தெரியல. திருப்பிக் கேக்கவும் தைரியம் இல்ல.

அப்புறம் ரோபோவை அவன்கிட்ட நீட்டினேன். வாங்கிக் காரை ரோபோவாக்கினான். கை திருப்புற இடம் வந்ததும் மட்டும் நிறுத்தி என்னைப் பார்த்தான். "திருப்புடா, ஒண்ணும் ஆகாது"ன்னேன். திருப்பினான்.

ரேட்டிங்: அஞ்சுக்கு மூணரை. தோள்ல பின்னைக் கொஞ்சம் லூசா விட்டிருந்தா நாலரை கொடுத்திருப்பேன்.