ஒரகடத்து ஆரூடம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஜோசியத்துக்கு என்றைக்குமே பஞ்சம் கிடையாது. அடுத்த வருஷம் சென்ட் என்ன விலைக்குப் போகும் என்று டீக்கடையில் உட்கார்ந்தபடியே சொல்லுகிறவர் இருக்கிறார். மேனேஜரின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தத் தீபாவளிக்கு போனஸ் சுமார்தான்" என்று தீர்ப்பு வழங்குகிறவர் இருக்கிறார். கேட்டைத் தாண்டும் லாரிகளை எண்ணியே எந்த கார் மாடல் நிற்கப் போகிறது என்று கண்டுபிடிக்கிற மேதாவிகளும் உண்டு.

எங்கள் கம்பெனி கேன்டீனில் மட்டும் இது போதாது என்று ஃபுட்பால் ஜோசியமும் நடக்கிறது.

விதிமுறை எளிது. ஐ.எஸ்.எல். சீஸன் தொடங்குவதற்கு முன்னால், 'இந்த வருஷம் திடீரென்று பிரகாசிக்கப் போகிற இளம் வீரர்கள்' என்று ஆளுக்கு மூன்று பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே புகழ் பெற்றவர்களை எழுதக் கூடாது. சீஸன் முடிவில் நோட்டைப் பிரிப்போம். தோற்றவர் ஒரு வாரம் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். பணம் வைத்து ஆடுவதில்லை. அதனால் எச்.ஆர். கண்டுகொள்வதில்லை, ஒரு பஜ்ஜி எடுத்துக்கொள்வதோடு சரி.

ஆரூடக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ரகம். ஸ்டோர்ஸில் இருக்கும் மலப்புரம் சேட்டன் ராத்திரி முழுக்க வீடியோ பார்ப்பார். "அவன்டெ இடதுகால் பார்த்தோ சாரே?" என்று உருகுவார். பெயின்ட் ஷாப்பில் ஒரு வங்காளி இளைஞர். அவருக்கு ஈஸ்ட் பெங்கால் சட்டை போட்டவர்கள் எல்லோருமே வருங்கால மேதைகள். மெயின்டெனன்ஸில் இருப்பவர் வியாசர்பாடிக்காரர். கால்பந்துக்குப் பேர்போன பேட்டை. அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னாபா, அந்தப் பையன் சின்ன வயசுல வெறுங்கால்ல ஆடிக்கிறானா?"

நான் க்வாலிட்டியில் இருப்பவன். பத்து மைக்ரான் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து உதிரி பாகத்தைத் திருப்பி அனுப்புவது என் பிழைப்பு. ஆனால், பதினெட்டு வயதுப் பையனின் எதிர்காலத்தை அளக்க எந்தக் கம்பெனியும் காலிப்பர் செய்து விற்கவில்லை.

உலகத்தில் பெரிய பெரிய நிபுணர்களே இதில் திணறியிருக்கிறார்கள். இத்தாலியின் 'டுட்டோஸ்போர்ட்' பத்திரிகை 2003லிருந்து 'கோல்டன் பாய்' என்று ஒரு விருது தருகிறது. ஐரோப்பாவில் ஆடும் 21 வயதுக்குட்பட்ட சிறந்த வீரருக்கு. 2005ல் மெஸ்ஸிக்குக் கொடுத்தார்கள். 2017ல் எம்பாப்பேக்குக் கொடுத்தார்கள். ஆஹா, என்ன தீர்க்கதரிசனம்! 2008ல் யாருக்கு என்று கேட்டால், சேட்டனே தலையைச் சொறிவார். பிரேசிலின் ஆண்டர்சன். அமெரிக்காவில் ஃப்ரெடி அடு என்ற பையன் 2004ல் 14 வயதிலேயே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தான். 'அடுத்த பெலே' என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். பட்டம் மட்டும்தான் கடைசி வரை மிஞ்சியது.

இன்னொரு பக்கம் ஜேமி வார்டி. ஷெஃபீல்டுக்காரர். பையனாக இருந்தபோதே கிளப்பிலிருந்து கழற்றிவிடப்பட்டவர். எலும்பு முறிந்தவர்களுக்கான கட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர் அணியில் ஆடினார். 2012ல் லெஸ்டர் அவரை எடுத்தபோது வயது 25. 2016ல் அதே லெஸ்டர் இங்கிலாந்தின் சாம்பியன்! எங்கள் ஷிஃப்டில் இந்தக் கதையைச் சொன்னால் மிஷினில் இருக்கிற பையன்கள் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஃபேக்டரியிலிருந்து ஒருத்தன் போயிருக்கிறான் என்றால் சும்மாவா?

அப்படியானால் எதை வைத்துத்தான் கணிப்பது?

என் சித்தாந்தம் எங்கள் கம்பெனி பஸ்ஸில் பிறந்தது. தாம்பரத்திலிருந்து ஒரகடம் வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற பத்துப் பேரில் யாருக்கு முதலில் சீட் கிடைக்கும்? பலசாலிக்கா, சீனியருக்கா? இரண்டும் இல்லை. படப்பையில் இறங்கப் போகிறவர் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான்! ஆகவே நான் வீரரின் காலைப் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைப் பார்ப்பேன். அவர் ஆடுகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்? அவர் எங்கே இறங்குகிறார்?

ஐ.எஸ்.எல்.லில் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். 2014ல் தொடங்கியபோது களத்தில் இறங்கும் 11 பேரில் 6 பேர் வரை வெளிநாட்டுக்காரர்களாக இருக்கலாம். 2017-18ல் அது 5 ஆயிற்று. 2021-22ல் 4 ஆயிற்று. விதியில் ஒரு எண் குறைந்தால் ஒவ்வொரு அணியிலும் நம் பையன் ஒருவனுக்கு ஒரு சீட் காலி! ஆனால் கோல் அடிக்கிற சென்டர் ஃபார்வர்ட் இடம் மட்டும் ஜன்னலோர சீட் மாதிரி. பெரும்பாலான கிளப்புகள் அதை வெளிநாட்டுக்காரருக்கென்று துண்டு போட்டு வைத்துவிடும். அதனால்தான் நம் பையன்கள் ஓரங்களிலும் பின்வரிசையிலும் பேர் எடுக்கிறார்கள். நடுவில் நின்று கோல் அடிக்க வருகிறவன் அபூர்வம்.

அந்த அபூர்வம் நம்ம ஊரிலிருந்தே வந்தது. சிவசக்தி நாராயணன். காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூர். முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயன் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். 2020ல் பெங்களூரு எஃப்.சி.யின் இரண்டாவது அணிக்குப் போனார். 2022 செப்டம்பர் 18ந் தேதி கொல்கத்தாவில் ட்யூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம். மும்பைக்கு எதிராக முதல் கோல் அடித்தார். பெங்களூரு 2-1 என்று கோப்பையை வென்றது. வயது 21.

ஆனால் அந்த அணியில் அவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? சுனில் சேத்ரி! இந்தியாவுக்காக அதிக கோல் அடித்த மனிதர். அந்த சீட்டை யாராவது கேட்க முடியுமா? அந்த சீஸனில் பயிற்சியாளர் சைமன் கிரேசன் கேட்டார். சேத்ரி பெஞ்சுக்குப் போனார்; பையன் உள்ளே வந்தான். தடுமாறிக்கொண்டிருந்த அணி லீக்கில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் ஜெயித்தது. சிவசக்தி 6 கோல் அடித்து, வளரும் வீரருக்கான லீக் விருதையும் வாங்கினார். திறமை கண்டனூரிலேயே இருந்தது. 2022-23ல் புதிதாகக் கிடைத்தது இடம் மட்டும்தான்.

சரி, சீட் கிடைத்துவிட்டால் கதை சுபமா? அதுவும் இல்லை. 2023 மார்ச் 18, கோவாவில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். தொடங்கி நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, சிவசக்திக்குக் காயம். வெளியே போனார். உள்ளே வந்தவர், அதே சேத்ரி. குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜுக்கும் இப்படித்தான். 2019ல் இந்தியாவுக்கு ஆடினார். அந்த சீஸனில் ஏ.டி.கே. அணியோடு ஐ.எஸ்.எல். சாம்பியன். எல்லா நோட்டுகளிலும் அவர் பெயர் இருந்த நேரம். 2020 நவம்பரில் அடுத்த சீஸனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. சீஸன் முடிந்தது. இதை எந்த ஜாதகத்தில் பார்ப்பது?

வயதும் நம் கணக்குக்கு அடங்குவதில்லை. சின்னப் பையன்கள் அணியில் ஜனவரி ஒண்ணாந் தேதியை வைத்து வயது பார்ப்பார்கள். ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெரியவன். உயரமாக, வேகமாகத் தெரிவான். தேர்வாளர்களின் கண் அங்கேதான் போகும். இது பல நாடுகளில் கணக்கெடுத்துப் பார்த்த உண்மை. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 1995 டிசம்பரில் பிறந்தவர். சென்னை, ஒடிசா என்று சுற்றி ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2023 ஆகஸ்ட் 12ந் தேதி, மோகன் பகானுக்கு எதிராக ஒரே ஒரு கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் நாலரை வருஷமாக ஜெயிக்காத டெர்பி அது. கொல்கத்தாவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அப்போது அவருக்கு வயது 27. மறுநாள் பெயின்ட் ஷாப் இளைஞர் ஒரு டப்பா ரசகுல்லாவோடு வந்து, "உங்க ஊர் பையன் தாதா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடித்தது நானில்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

இதைவிட வேடிக்கை 2024-25 சீஸன். நாங்கள் எல்லோரும் இருபது வயதுப் பையன்களாகப் பார்த்து எழுதி வைத்தோம். இந்திய வீரர்களில் அதிக கோல் அடித்தவர் யார்? 40 வயது சுனில் சேத்ரி. 14 கோல்! "இவரை வளரும் வீரர்னு எழுதியிருக்கணும்" என்றார் வியாசர்பாடிக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் யோசித்தால் சிரிப்பில்லை. 140 கோடிப் பேர் உள்ள தேசத்தில் நாற்பது வயதுக்காரரைத் தாண்டி ஒரு பையன் வரவில்லை என்றால், பையன்களுக்குக் கால் இல்லை என்று அர்த்தமா? நிற்க இடம் தந்து, தப்புப் பண்ண விட்டு, மறுபடியும் இடம் தருகிறவர்கள் குறைவு என்றுதான் அர்த்தம்.

அப்புறம் 2025 வந்தது. ஜூலையில் நாங்கள் நோட்டைத் திறந்தபோது செய்தி: அடுத்த சீஸன் நிறுத்தி வைப்பு! லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் கால்பந்து சம்மேளனத்துக்குமான ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பித்தபாடில்லை. யாருக்கு சீட் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, பஸ்ஸே வராது என்று சொன்னால் எப்படி இருக்கும்? கடைசியில் 2026 பிப்ரவரியில்தான், சுருக்கப்பட்ட சீஸனாக, பந்து உருண்டது.

இந்த வலி எங்கள் பேட்டைக்குப் புதிதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006ல் உற்பத்தி ஆரம்பித்தபோது, இங்கே வேலைக்கு வந்த பையன்களும் பெண்களும் பிளஸ் டூ முடித்த கையோடு பஸ் ஏறியவர்கள். விரல் வேகத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. விரல்கள் மந்தமாகிவிட்டதா என்ன? லைன் நின்றுவிட்டது, அவ்வளவுதான். இருபது வயதில் ஒரு வருஷம் போவது என்பது, ஐம்பது வயதில் ஒரு வருஷம் போவது மாதிரி இல்லை.

இப்போது எங்கள் ஷிஃப்டில் ஒரு டிரெய்னி பையன் இருக்கிறான். திருவண்ணாமலைப் பக்கம். இடது விங். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மைதானத்தில் அவன் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் மிஷினில் நின்ற கால் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவனுடைய பயிற்சிக் காலம் இன்னும் சில மாதத்தில் முடிகிறது. அதற்கப்புறம் இங்கே வேலை நிரந்தரமா, ஊருக்கா, இல்லை பந்தா என்று அவனுக்கே தெரியாது.

போன மாதம் டீ டைமில் வந்து நின்றான். "சார், அந்த நோட்டுல எம் பேரை எழுதுவீங்களா?" என்றான். விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டான். கண் விளையாடவில்லை.

"எதுக்குடா?"

"சென்னையில ஒரு கிளப்புல செலக்‌ஷன் சார். புதன்கிழமை காலையில ஏழு மணிக்கு. எனக்கு செவ்வாய்க்கிழமை நைட் ஷிஃப்ட்."

வியாசர்பாடிக்காரர் பஜ்ஜியைக் கீழே வைத்தார். சேட்டன் ஷிஃப்ட் சார்ட்டை எடுத்து வந்தார். யாரோ ஒருவருடைய கல்யாண நாள், இன்னொருவருடைய வார விடுமுறை என்று நாலு பேர் இப்படியும் அப்படியும் மாறி, செவ்வாய் ராத்திரி அவனைத் தூங்க அனுப்பினோம். காலை நாலரைக்கு வியாசர்பாடிக்காரர் தன் பைக்கிலேயே கூட்டிக்கொண்டு போனார். ஐம்பது கிலோமீட்டர்.

முடிவு இன்னும் தெரியவில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். தமிழ்நாட்டில் பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்லுகிற அதே வசனம். பையன் மறுநாள் வழக்கம்போல மிஷினில் நிற்கிறான். போன் அடித்தால் மட்டும் ஒரு துள்ளு.

நோட்டில் அவன் பெயரை எழுதியிருக்கிறேன். விதிப்படி செல்லாது என்கிறார் சேட்டன், ஐ.எஸ்.எல். வீரராக இருக்க வேண்டுமாம். செல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு வாரத்துப் பஜ்ஜிதானே! இந்தப் பேட்டையில் எந்தப் பையன் எப்போது பிரகாசிப்பான் என்று சொல்ல எனக்கு ஜோசியம் வராது. பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்கார வரும்.