இரு கடல் நடுவே ஒரு திராட்சைச் சீமை

உலகப் படம் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையோரமாக விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். பெர்த் நகரம் வரும். அதையும் தாண்டி, கண்டம் முடிகிற மூலையில், சின்ன மூக்குப் போல நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்கின் மேல் முனைக்குக் கேப் நாச்சுரலிஸ்ட் என்று பெயர். கீழ் முனைக்குக் கேப் லூவின். இரண்டுக்கும் நடுவே சுமார் 100 கிலோ மீட்டர். இதுதான் மார்கரெட் ரிவர் திராட்சைச் சீமை. போன மார்ச்சு மாதம் அங்கே பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன்.

"ஒயின் காய்ச்சுகிற ஊரில் உங்களுக்கு என்ன காரியம்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. முதலில் ஒரு திருத்தம்: ஒயினை யாரும் காய்ச்சுவதில்லை, பழத்தை நசுக்கிப் புளிக்க வைக்கிறார்கள். இரண்டாவது, காரியம் எனக்கல்ல. என் அண்ணன் மகளுக்கு.

ஆஸ்திரேலிய சர்க்கார் 'வேலையும் விடுமுறையும்' என்று ஒரு விசா வைத்திருக்கிறது. இளைஞர்கள் ஒரு வருஷம் அந்த நாட்டில் ஊர் சுற்றலாம். கைச் செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ளலாம். இந்தியர்களுக்கு இந்தக் கதவு 2024-ல்தான் திறந்தது. வருஷத்துக்கு 1,000 பேர். வயது 18 முதல் 30 வரை. பள்ளிக்கூடத்துக்கு மேல் குறைந்தது இரண்டு வருஷமாவது படித்திருக்க வேண்டும். மனுப் போடுகிறவர்கள் ஏராளம் என்பதால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராமப்புறத்தில், குறிப்பிட்ட சில வேலைகளில், மூன்று மாதம் உழைத்ததாகக் கணக்குக் காட்டினால் இரண்டாவது வருஷமும் தங்க மனுச் செய்யலாம். திராட்சைத் தோட்ட வேலை அந்தக் குறிப்பிட்ட வேலைகளில் ஒன்று.

எங்கள் பெண் பி.காம். படித்தவள். சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள், குலுக்கலில் பெயர் வந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, போன வருஷம் ஜூலையில் பெட்டியைக் கட்டிவிட்டாள். அண்ணாவுக்குத் தாங்கவில்லை. "படித்த பெண் தோட்டத்தில் கூலி வேலை செய்வதாவது! நீ போய் நல்ல வார்த்தை சொல்லிக் கையோடு அழைத்து வந்துவிடு" என்று எனக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். ஆக, நான் போனது உல்லாசப் பிரயாணம் மாத்திரம் அல்ல, தூதும்கூட.

பெர்த்திலிருந்து மார்கரெட் ரிவர் 270 கிலோ மீட்டர் சொச்சம். மோட்டாரில் மூன்று மணி நேரம். நம் ஊர் போலவே அங்கும் சாலையின் இடது பக்கம்தான். மருமகள் வாடகை வண்டி எடுத்து வந்திருந்தாள். "சாயங்காலம் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அத்தை" என்றாள். திருட்டுப் பயமோ என்று நினைத்தேன். கங்காருப் பயம்! அந்தி வேளையில் மேய வருகிற கங்காரு, வண்டி விளக்கைக் கண்டால் ஒதுங்காமல் குறுக்கே பாயுமாம்.

வழியில் பஸ்ஸல்டன் என்ற ஊரில் இறங்கினோம். கடலுக்குள் 1,841 மீட்டர் தூரம் போகிற மரப்பாலம் ஒன்று அங்கே இருக்கிறது. 1860-களில் கட்டத் தொடங்கியது. அந்தக் காலத்தில் மரம் ஏற்ற வந்த கப்பல்களுக்குக் கரையோரத்தில் ஆழம் போதாது. அதனால் பாலத்தை நீட்டி நீட்டிக் கப்பலிடம் கொண்டுபோனார்கள். கப்பல் போக்குவரத்து நின்று, 1978-ல் ஒரு புயல் வேறு வந்து பாலத்தைப் பிய்த்துப் போட்டபோது, ஊர் ஜனங்கள் பணம் திரட்டி அதைக் காப்பாற்றினார்கள். இப்போது அதன் மேல் குட்டி ரயில் ஓடுகிறது. பாலத்தின் கோடியில், படியிறங்கி 8 மீட்டர் ஆழத்துக்குப் போய், கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கலாம். பாலத்தின் மரக்கால்களில் பவழம் பூத்திருக்கிறது! இவ்வளவு தெற்கே பவழம் எப்படி வந்தது என்றால், வடக்கேயிருந்து லூவின் நீரோட்டம் என்ற வெதுவெதுப்பான கடலாறு ஒன்று இந்தக் கரையோரமாக இறங்கி வருகிறதாம். இந்த வெதுவெதுப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திராட்சைக்கும் அதுதான் செவிலித்தாய்.

பஸ்ஸல்டனைத் தாண்டினால் ஊர்ப் பெயர்களெல்லாம் 'அப்' என்று முடிகின்றன: யாலிங்கப், மெட்ரிகப், கௌவரமப். அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களின் பாஷையில் 'அப்' என்றால் இடம். நமக்குப் பட்டி, பாக்கம் மாதிரி. கௌவரமப்பில் தெருவெங்கும் ஆளுயரப் பசு பொம்மைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெயரில் ஆங்கிலப் பசு ஒலிக்கிறதே என்ற வேடிக்கைதான் காரணம். உண்மையில் 'கௌவரா' என்பது ஒரு சின்னக் கிளி. அந்தக் கிளிக்கு ஒரு பொம்மை வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இனி தோட்டத்துக்கு வாருங்கள்.

காலை ஆறு மணி. பனியில் புல் நனைந்திருக்கிறது. நேர்கோடு பிடித்தாற்போலக் கொடி வரிசைகள். சில வரிசைகளுக்கு மேலே வெள்ளை வலை போர்த்தி, தோட்டத்துக்கே கொசுவலை கட்டித் தூங்க வைத்த மாதிரி இருக்கிறது. ஜப்பான் பெண் ஒருத்தி, பிரெஞ்சுப் பையன்கள் இருவர், தைவான்காரி ஒருத்தி, நம் பெண் என்று பத்துப் பன்னிரண்டு பேர். தோட்டக்காரரின் சொந்த மகளும் அதே வரிசையில் தொப்பியும் கத்தரியுமாக நிற்கிறாள். இதை அண்ணாவிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

பழம் கொடியின் உச்சியில் தொங்கவில்லை. முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில், இலைக்குள் ஒளிந்திருக்கிறது. குனிந்தால் இடுப்பு வலி, மண்டியிட்டால் முட்டி வலி. இடது கையால் குலையைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் காம்பை நறுக்கி, வாளியில் போட வேண்டும். அழுகலும் வெயிலில் வெந்ததும் கீழே. வேகம் கூடினால் கத்தரி சொந்த விரலைப் பதம் பார்க்கும். நம் பெண்ணின் இடது கையில் மூன்று தழும்புகள். வெயில் ஏறுவதற்குள் பறித்து முடித்துவிட வேண்டும். சூடேறிய பழம் வழியிலேயே புளிக்க ஆரம்பித்துவிடுமாம். பெரிய தோட்டங்களில் யானை உயரத்துக்கு ஒரு இயந்திரம் கொடி வரிசையைக் காலுக்கிடையில் விட்டுக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் பழத்தை உலுக்கி எடுத்துவிடுகிறது. உயர்ந்த ரக ஒயினுக்குத்தான் பெரும்பாலும் கை வேண்டியிருக்கிறது.

எனக்கு இரண்டு பழம் கொடுத்தார்கள். நம் கடைத் திராட்சையில் பாதி கூட இல்லை. தோல் தடிப்பு, விதை ஏராளம். ஆனால் தித்திப்பு, அப்பா! விரல் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

இவ்வளவு பெயர் பெற்ற சீமை மிகப் பழமையானது என்று நினைக்காதீர்கள். 1965, 1966-ம் வருஷங்களில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற விவசாய விஞ்ஞானி, இந்தப் பிரதேசத்தின் சீதோஷ்ணம் பிரான்ஸ் தேசத்து போர்தோவை ஒத்திருக்கிறது, இங்கே நல்ல திராட்சை விளையும் என்று எழுதினார். மாட்டுப் பண்ணைக்காரர்கள் கேட்டார்களோ இல்லையோ, பெர்த்தின் டாக்டர்கள் கேட்டுக்கொண்டார்கள்! டாம் கல்லிட்டி என்ற இருதய வைத்தியர் 1967-ல் வாஸ் பெலிக்ஸ் தோட்டத்தைப் போட்டார். வாஸ் என்பது 1801-ல் இந்தக் கடலில் காணாமற்போன பிரெஞ்சு மாலுமியின் பெயர். பெலிக்ஸ் என்றால் லத்தீனில் அதிர்ஷ்டசாலி. பெயரில் இருந்த அதிர்ஷ்டம் முதல் அறுவடையில் இல்லை. வெள்ளிக்கண்ணி என்று சொல்லத்தக்க குட்டிப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து பழத்தைத் தின்று தீர்த்தன. டாக்டர் யோசித்தார், பறவைகளை விரட்ட ஒரு ராஜாளியைக் கொண்டுவந்தார். முதல் தடவை அவிழ்த்து விட்டதுமே அது மரங்களுக்கு அப்பால் பறந்து போனது. போனது போனதுதான்! புட்டியின் மேல் ஒட்டுகிற சீட்டில் மட்டும் அந்த ராஜாளி இன்னமும் இருக்கிறது.

பறவைத் தொல்லைக்கு இயற்கையே ஒரு சமாதானமும் வைத்திருக்கிறது. மார்ரி என்ற யூகலிப்டஸ் மரம் திராட்சை பழுக்கிற சமயத்தில் பூக்கும். அது நன்றாகப் பூத்த வருஷம் பறவைகள் தேனுக்குப் போய்விடும்; பூக்காத வருஷம் திராட்சைக்கு வரும். ஆகவே தோட்டக்காரர்கள் கொடியைப் பார்க்கிற கவலையோடு மரத்தையும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

தோட்டத்துக்குத் தோட்டம் ருசி பார்க்கும் கூடம் உண்டு. கிண்ணத்தில் ஒரு விரற்கடை ஊற்றிக் கொடுக்கிறார்கள். சுழற்றுகிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், வாயில் கொப்பளிக்கிறார்கள், பிறகு மரியாதையாக ஒரு பாத்திரத்தில் துப்பிவிடுகிறார்கள்! காசு கொடுத்து வாங்கித் துப்புகிற பண்டத்தை நான் அங்கேதான் கண்டேன். "உங்கள் மருமகள் குடிப்பாளா?" என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? நானும் கேட்டேன். "வண்டி ஓட்டுகிற நாளில் தொடுவதில்லை, அத்தை" என்றாள். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

கல்லன் தோட்டத்துக்குப் போனது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. கெவின் கல்லன் என்ற டாக்டரும் மனைவி டயானாவும் 1971-ல் போட்ட தோட்டம் அது. பிற்பாடு டயானாவே ஒயின் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றார். ஆறு குழந்தைகளில் கடைக்குட்டியான மகள் வான்யா 1989-ல் தாயிடமிருந்து அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். 2000-ல் ஆஸ்திரேலியாவின் அவ்வாண்டுக்கான ஒயின் தயாரிப்பாளர் என்று ஒரு பத்திரிகை அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

எல்லாம் சுகமாகவே இருந்தது என்று எழுதினால் உங்களை ஏமாற்றியதாகும். போன குளிர்காலத்தில் கொடி வெட்டும் வேலைக்கு அவளை ஓர் இடைத்தரகர் சேர்த்துவிட்டார். மழையில் நடுங்கிக்கொண்டு, எந்தக் கிளையை விடுவது எதை அறுப்பது என்று நாள் முழுவதும் வெட்ட வேண்டும். வாரக் கடைசியில் சம்பளம் வந்தால், படுக்கைக்கு இவ்வளவு, வேனுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மீதிதான் வரும். சம்பளச் சீட்டு கிடையாது. கூட இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இவள் கணக்குப் படித்தவள் அல்லவா! மூன்று வாரம் மணிக்கணக்கு, பிடித்தம் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கூட்டிப் பார்த்து, நேரே கொண்டுபோய் நீட்டினாள். பாதிப் பணம் வந்தது. மீதி வரவில்லை. வேலையை விட்டு வேறு தோட்டம் பார்த்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது கிளம்புவதாக இருந்தால் இவற்றைச் சொல்லி அனுப்புங்கள். சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 2025 ஜூலையில் தேசத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலராக இருந்தது; நிரந்தரமில்லாத வேலைக்கு, லீவு கிடையாது என்பதால், கால் பங்கு கூடுதல். உள்ளூர்க்காரருக்கும் விசாவில் வந்தவருக்கும் இதில் பேதமில்லை. குறை இருந்தால் முறையிட 'பேர் வொர்க்' என்ற சர்க்கார் அலுவலகம் இருக்கிறது. தங்கும் செலவு மட்டும் கூலிக்குச் சளைத்ததல்ல. மழை பெய்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

அறுவடை முடிந்த மறுநாள் கேவ்ஸ் ரோடு வழியாகத் தெற்கே புறப்பட்டோம். ரெட்கேட் கடற்கரையில் அலை மலை மலையாக வந்து விழுகிறது. 1876 டிசம்பரில் 'ஜார்ஜெட்' என்ற நீராவிக் கப்பல் இந்தப் பக்கத்தில் தரை தட்டியது. முதலில் அதைக் கண்டவர் சாம் ஐஸக்ஸ் என்ற பூர்வகுடித் தொழிலாளி. அவர் ஓடிப் போய்ப் பண்ணை வீட்டில் சொல்ல, 16 வயது கிரேஸ் பஸ்ஸலும் அவரும் குதிரைகளோடு அலைக்குள் இறங்கி, தவித்த பிரயாணிகளைக் கரை சேர்த்தார்கள். கிரேஸுக்கு வெள்ளிப் பதக்கம், அவள் பெயரில் ஓர் ஊர். சாமுக்கு வெண்கலம், பிறகு 100 ஏக்கர் நிலமும் கொடுத்தார்கள். முதலில் கண்டவருக்கு ஏன் வெண்கலம் என்று மருமகள் கேட்டாள். அந்தக் காலத்தைச் சொல்லி நான் சமாதானம் செய்யவில்லை.

அப்புறம் போரனப் காடு. 60 மீட்டர் உயரத்துக்குக் கர்ரி மரங்கள். வழுவழுவென்று வெளிறிய அடிமரம். கீழே வெயில் சல்லடையில் சலித்தாற்போல விழுகிறது. நூறு வருஷத்துக்கு முன் மொட்டையடித்து வெட்டிய காடு தானாகவே மீண்டு வளர்ந்திருக்கிறது. அதற்கும் தெற்கே, நிலம் முடிகிற இடத்தில், கேப் லூவின் கலங்கரை விளக்கம். 1895-ல் கட்டத் தொடங்கி 1896-ல் திறந்தது, உயரம் 39 மீட்டர். இந்து மகா சமுத்திரமும் தென் சமுத்திரமும் இங்கேதான் சந்திக்கின்றன என்பது ஆஸ்திரேலியர்களின் கணக்கு. காற்று, புடவைத் தலைப்பைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. விளக்கம் கட்டியவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த மரச்சக்கரம் ஒன்று, ஊற்றுநீரின் சுண்ணாம்பு படிந்து படிந்து கல்லாகி நிற்கிறது.

அன்று ராத்திரி அகஸ்டா என்ற சிற்றூரில் தங்கினோம். பெட்ரோலுக்கும் அறைக்கும் அவள்தான் பணம் கொடுத்தாள். என்னைப் பையைத் திறக்க விடவில்லை. அண்ணாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "கையோடு வரவில்லை. ஜூலையில் வந்து ஒரு மாதம் இருப்பாள். டிக்கெட் அவள் பணத்தில். இரண்டாவது வருஷத்துக்கு மனுப் போடுகிறாள்" என்று சொன்னேன். தோட்டக்காரர் மகள் விஷயத்தையும் சொன்னேன். அண்ணா வெகு நேரம் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரசம் வைக்கிறாள், அந்த ஜப்பான் பெண் டம்ளரில் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள் என்றேன்.

"பெருங்காயம் கிடைக்கிறதாமா?"

"பெர்த்தில் கிடைக்கிறதாம், அண்ணா."